பெற்றுக்கொண்டேன்

லுசாகாவுக்கும் வரோனிஷுக்கும்
கடிகாரத்தில் ஒரு மணி நேரம்தான் இடைவெளி.
உதவித்தொகைக்கு ஐந்து மாதம்.

நவம்பரில் வரவேண்டியது நவம்பரில் வரவில்லை.
டிசம்பரில் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வந்தது.
ஜனவரியில் அந்த வரியும் வரவில்லை.

விடுதியின் மூன்றாம் தளத்தில் நாங்கள் பதினொரு பேர்.
ஊரிலிருந்து கொண்டுவந்த சோளமாவு தீர்ந்தபின்
ரவையைக் கெட்டியாகக் கிண்டி
அதையும் ந்ஷிமா என்றே கூப்பிட்டோம்.
ஒவ்வொரு உருண்டைக்கும் முன்னால்
சிலேஷே கண்ணை மூடிக்கொள்வாள்.
ஜெபமா என்றேன்.
"பார்த்தால் உள்ளே இறங்காது" என்றாள்.

அவளுக்கும் எனக்குமாக ஒரு மேலங்கி.
காலை உடற்கூறு வகுப்புக்கு அவள்,
மதியம் மருந்தியலுக்கு நான்.
மாடிப்படியில் கைமாற்றுவோம்.
அவள் உடம்பின் சூடு அதில்
இரண்டாம் வளைவு வரைக்கும் இருக்கும்.
மைனஸ் பத்தொன்பதில்
அது சின்ன விஷயமில்லை.

வாடகை பாக்கி நோட்டீஸைக் கதவில் ஒட்டுவதற்கு முன்
காப்பாளர் ரைசா பெட்ரோவ்னா ஒருமுறை தட்டுவாள்.
யாரும் திறக்கமாட்டோம்.
திறக்காதிருக்க எங்களுக்கு நேரம் தந்துதான்
பசையை எடுப்பாள்.

பிப்ரவரியில்
பதினொரு பேரின் சில்லறையைச் சேர்த்து
ஒன்பது நிமிட அழைப்பு வாங்கினோம்.
அமைச்சகத்தின் மேசைத் தொலைபேசிக்கு வாட்ஸ்அப் தெரியாது.
அழாமல் பேசுவேன் என்று என்னிடம் தந்தார்கள்.

மூன்று மேசை மாறி
கலாலுகா என்றொருவர் எடுத்தார்.
பெயர், நமுகோலோ.
கோப்பு எண் சொன்னேன்.
எந்த ஊர் என்றார்.
சொன்னதும் கொஞ்சம் அமைதி.
அமைதிக்கும் காசு போகும், நான் விநாடிகளைப் பார்த்தேன்.

"எட்டாம் எண் டிராம்
இன்னும் பாலத்தைத் தாண்டுகிறதா?"

எண்பத்தாறில் அங்கே படித்தாராம்.
பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ரொட்டிக் கடையாம்.
நடத்துநர்ப் பெண் பாக்கிச் சில்லறையைக்
கையுறை கழற்றித்தான் தருவாளாம்.
"முதல் தேதி என்றால் முதல் தேதி.
வரிசையில் நின்று எண்ணி வாங்குவோம்."
அதைச் சொல்லும்போது அவர் குரல்
என் வயதுக்கு வந்தது.

தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டார்கள் ஐயா, என்றேன்.
"ஓ" என்றார்.
அந்த ஓ நீளமாக இருந்தது.
பிறகுதான் ஞாபகம் வந்தவராக
"கோப்பு நிதித்துறையில்..."
ஒன்பது நிமிடம் முடிந்தது.

பத்து முகங்கள் என் வாயைப் பார்த்தன.
என்ன சொன்னார்?
டிராம் ஓடுகிறதா என்று கேட்டார்.

லுபாசி சுவரில் குத்தினான். விரல் வீங்கியது.
கட்டுப்போட மட்டும்
எங்களிடம் ஆளுக்குக் குறைவில்லை.

அவரை வெறுக்கத்தான் நினைத்தேன்.
ஆனாலும் அதன்பின் சாலையைக் கடக்கும்போதெல்லாம்
கண் தாருக்குள் எதையோ தேடியது.
மார்ச் கடைசியில், பனி இளகிச் சேறான ஒரு நாள்,
சந்தைக்குப் பின்புறம்
தார் உரிந்த இடத்தில் தெரிந்தது:
ஒரு சாண் இரும்பு,
துருவேறி, எங்கும் போகாமல்.
போனில் படமெடுத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

ஏப்ரலில் பணம் வந்தது.
ஐந்து மாதத்தில் இரண்டு மாதம்,
வங்கிக் கட்டணம் போக.
தலைப்பு: குளிர்கால உடைப்படி.
ஏரியில் பனிக்கட்டி உடைந்து
கிழவர்கள் தூண்டிலை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

கூடவே மூன்று பிரதியில் ஒரு படிவம்.
முழுத்தொகையையும் பெற்றுக்கொண்டேன் என்று
ஏற்கெனவே அச்சாகியிருந்தது.
முழு என்பதை அடித்து
இரண்டு மாதம் என்று எழுதினேன்.
மூன்று பிரதியிலும் அடித்தேன்,
கார்பன் தாளை நம்பாமல்.
கீழே "இணைப்புகள்" என்றொரு கட்டம்.
எல்லாரும் காலியாக விடுவது.
அதில்
தண்டவாளம், ஒரு சாண் என்றெழுதி
படத்தின் அச்சை ஊசியால் குத்தி வைத்தேன்.
கலாலுகாவின் மேசைக்குப் போகுமோ,
நிதித்துறையில் கிடக்குமோ.

தபாலில் சேர்க்கக் கிளம்பினேன்.
வெயில் நன்றாகவே அடித்தது.
மேலங்கியை மாட்டிக்கொண்டு
சிலேஷே படியிறங்கிக்கொண்டிருந்தாள்.
இன்றைக்கு எதற்கடி இது என்றேன்.
"காலை என் முறைதானே" என்றாள்.